புள்ளியியல் நிரல்களில் செயலுருபு மதிப்புச் சரிபார்ப்பு: போடி வட்டாரத் தமிழ்த் தரவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு செயற்கூறு ஏற்கத்தக்க மதிப்புகள் சிலவாக மட்டுமே இருக்கும்போது, தரப்பட்ட மதிப்பு அவற்றுள் ஒன்றா எனச் சோதித்த பின்னரே கணக்கீடு தொடங்க வேண்டும். ஆர் மொழியில் இப்பணிக்கென அமைந்த மேட்ச்.ஆர்க் என்னும் செயற்கூற்றின் இயக்கத்தை இக்கட்டுரை விளக்குகிறது. மதிப்புகள் தமிழில் எழுதப்படும்போது கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு சொற்கள் கணினிக்கு வேறு வேறாக அமைவதுண்டு. போடி, பொட்டிபுரம் ஆகிய ஊர்ப்பெயர்களின் முதல் எழுத்திலேயே இச்சிக்கல் இருக்கிறது. எழுத்தியல்பாக்கம் செய்த பின்னரே ஒப்பிட வேண்டும். ஒப்பீடு முழுச்சொல் ஒப்பீடாக இருக்க வேண்டும் என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஆர் மொழி, செயலுருபு, தானமைவு, பகுதிப் பொருத்தம், ஒருங்குறி, இயல்பாக்கம், ஏலக்காய் விலை

முன்னுரை

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற ஊர். மலைமேல், பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், விளையும் ஏலக்காய், நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் இடுக்கியைச் சேர்ந்த புற்றடியிலும் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. ஒவ்வோர் ஏலத்திற்கும் நாள், ஏலத்தை நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வரத்து, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியம் வெளியிடுகிறது. விலைப் போக்கை ஆராய விரும்பும் ஒருவருக்கு இதனினும் நேரிய தரவு கிடைப்பது அரிது.

இத்தரவைக் கொண்டு ஒரு வாரத்தின் சராசரி விலையைக் கணக்கிடும் செயற்கூறு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அதற்கு மூன்று செயலுருபுகள் போதும்: விலை, எடை, முறை. செயற்கூற்றை அழைக்கும்போது அதனிடம் ஒப்படைக்கப்படும் மதிப்பே செயலுருபு. விலையும் எடையும் எண்கள். எந்த நேர்ம எண்ணும் வரலாம். 'முறை' அத்தகையதன்று. அது "எளிய" என்றோ "நிறையிட்ட" என்றோ மட்டுமே வரலாம், மூன்றாவதொன்றுக்கு இடமில்லை.

இவ்விரண்டில் எதைத் தேர்ந்தாலும் பெரிய வேறுபாடு இராது என்று கருதுவது தவறு. எடுத்துக்காட்டுக்காக, ஒரு நாள் 10,000 கிலோ விற்று, சராசரி விலை கிலோவுக்கு 2,000 ரூபாய் என்றும், மறுநாள் 50,000 கிலோ விற்று, சராசரி விலை 2,600 ரூபாய் என்றும் கொள்வோம். இரு நாள் விலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,300 ரூபாய் வரும். எடையைக் கணக்கில் கொண்டால் 2,500 ரூபாய் வரும். கிலோவுக்கு 200 ரூபாய் வேறுபாடு. விளைவித்தவர் பெற்ற பணத்தைக் காட்டுவது பின்னதே.

இனி, செயற்கூற்றை எழுதியவர், 'முறை "நிறையிட்ட" எனில் எடையைச் சேர்த்துக் கணக்கிடுக. இல்லையேல் எளிய சராசரி தருக' என்று எழுதிவிட்டார் என்க. பயன்படுத்துபவர் நினைவுப் பிழையால் "எடையிட்ட" என்று தருகிறார். நிரல் நிற்பதில்லை, எச்சரிப்பதும் இல்லை. 2,300 என்று விடை தந்து அமைகிறது. அவர் அதை நிறையிட்ட சராசரி என்றே தம் அறிக்கையில் எழுதுவார். நிரலாக்கப் பிழைகளுள் அஞ்சத்தக்கது இவ்வகையே. நின்றுபோன நிரலை யாரும் திருத்துவர். நம்பத்தக்க தோற்றத்தோடு வரும் தவறான எண்ணை யாரும் ஐயுறுவதில்லை.

மேட்ச்.ஆர்க் இயங்கும் முறை

நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய ஆர் மொழி, இத்தகைய செயலுருபுகளுக்கெனத் தனி மரபு ஒன்றைக் கொண்டுள்ளது. செயற்கூற்றை வரையறுக்கும்போது, 'முறை' என்னும் செயலுருபின் தானமைவு மதிப்பாக ஒற்றைச் சொல்லைத் தராமல், அனுமதிக்கப்பட்ட எல்லா மதிப்புகளையும் ஒரு வெக்டராகத் தரவேண்டும். செயற்கூற்றின் முதல் வரியில் மேட்ச்.ஆர்க்கை அழைத்து, அது திருப்பித் தரும் மதிப்பை 'முறை' என்பதிலேயே மீண்டும் இட வேண்டும். மேட்ச்.ஆர்க் தன்னை அழைத்த செயற்கூற்றின் வரையறையைத் தானே எட்டிப் பார்த்து, அங்குள்ள பட்டியலை எடுத்துக்கொள்கிறது. பட்டியலை இருமுறை எழுதத் தேவையில்லை. வரையறையைப் படிப்பவருக்கும் ஏற்கத்தக்க மதிப்புகள் எவை என்பது முதல் பார்வையிலேயே விளங்கும்.

பயன்படுத்துபவர் 'முறை'யைக் குறிப்பிடாது விட்டால், மேட்ச்.ஆர்க்குக்கு முழுப் பட்டியலே வந்துசேரும். வந்தது பட்டியலோடு முற்றும் ஒத்திருப்பதைக் கண்டு, அது முதல் மதிப்பைத் தெரிவு செய்கிறது. பட்டியலில் இல்லாத சொல் வந்தால், ஏற்கத்தக்கவை இவை எனக் கூறிப் பிழையறிவித்து நிரலை நிறுத்துகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை ஏற்க வேண்டின் அதற்கெனத் தனி விருப்பம் உண்டு. ஆர் மொழியின் சொந்தச் செயற்கூறுகளே இம்மரபைப் பின்பற்றுகின்றன. ஒட்டுறவுக் கெழுவைத் தரும் 'கார்' என்பதில் முறை என்னும் செயலுருபு பியர்சன், கெண்டால், ஸ்பியர்மன் என்னும் மூன்றையே ஏற்கும். எதையும் குறிக்காவிடில் பியர்சன். டி-சோதனையில் மாற்றுக் கருதுகோள் இருபுறம், குறைவு, மிகுதி என மூன்று வகைப்படும். எதையும் குறிக்காவிடில் இருபுறம்.

இவ்வமைப்பில் இரண்டு கண்ணிகள் உள்ளன. முதலாவது, பட்டியலின் வரிசைக்குப் பொருள் உண்டு என்பது. அழகு கருதி மதிப்புகளை அகரவரிசையில் மாற்றியடுக்கும் ஒருவர், தாம் அறியாமலே தானமைவை மாற்றிவிடக்கூடும். இரண்டாவது, மேட்ச்.ஆர்க் தரும் மதிப்பை மீண்டும் இட மறப்பது. அப்போது 'முறை' இரு சொற்கள் கொண்ட வெக்டராகவே எஞ்சும். அதை நிபந்தனைக் கூற்றில் ஒப்பிட்டால், பழைய ஆர் பதிப்புகள் எச்சரிக்கை ஒன்றை மட்டும் தந்து முதல் சொல்லைக் கொண்டு மேற்செல்லும். 2022இல் வெளிவந்த 4.2.0 பதிப்பு முதல் இது பிழையாகக் கொள்ளப்பட்டு நிரல் நிற்கிறது. நல்ல மாற்றம், வெகுகாலம் தாமதித்து வந்தது.

தானமைவு கூடாத இடம்

எல்லாச் செயலுருபுகளுக்கும் முதல் மதிப்பையே தானமைவாகக் கொள்வது சரியா என்னும் வினாவுக்குப் போடி வட்டாரமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. போடி மேற்கு மலையடிவாரத்திலுள்ள பொட்டிபுரம், இந்திய நியூட்ரினோ ஆய்வகத்திற்குத் தெரிவு செய்யப்பட்ட இடமாக நாடறிந்தது. 2015 சனவரியில் ஒன்றிய அரசின் ஒப்புதல் கிடைத்தது. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. தமிழ்நாடு அரசும் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. அங்கு அமைக்கத் திட்டமிடப்பட்ட கருவி, 50 கிலோடன் நிறையுள்ள காந்தமாக்கப்பட்ட இரும்புக் கலோரிமானி. மூவகை நியூட்ரினோ நிறைகளின் வரிசை நேரானதா, தலைகீழானதா என அறிவது அதன் தலையாய நோக்கம்.

இக்கணக்குக்கான நிரலில் 'வரிசை' என்னும் செயலுருபுக்கு "நேர்", "தலைகீழ்" என்னும் இரண்டே மதிப்புகள் உண்டு. புவியின் ஊடே வரும்போது, நேர் வரிசையாயின் நியூட்ரினோக்களிடத்தும், தலைகீழ் வரிசையாயின் எதிர் நியூட்ரினோக்களிடத்தும் அலைவு மிகைப்படும். எது உண்மை என்பதே ஆய்வின் வினா. அவ்வாறிருக்க, குறிப்பிடாது விட்டால் "நேர்" என்று நிரல் தானே எடுத்துக்கொள்வது, வினாவுக்கு விடையை முன்கூட்டியே ஊகித்துக்கொள்வதாகும். இங்குப் பட்டியலைத் தானமைவாகத் தராமல், மேட்ச்.ஆர்க்கின் இரண்டாம் செயலுருபாகத் தருவதே தக்கது. அவ்வாறு செய்தால் மதிப்பைக் குறிப்பிடாத அழைப்பு பிழையில் முடியும். பயன்படுத்துபவர் தம் கருதுகோளைத் தாமே எழுத வேண்டியிருக்கும். விலைச் சராசரியிலும் 'முறை'யைக் கட்டாயமாக்குவதே மேல் என்று வாதிட இடமுண்டு.

பகுதிப் பொருத்தம்

மேட்ச்.ஆர்க் முழுச்சொல்லை மட்டும் ஏற்பதில்லை. சொல்லின் தொடக்கத்தையும் ஏற்கும். அனுமதிக்கப்பட்டவை "போடிநாயக்கனூர்", "புற்றடி" எனில், "போடி" என்று தந்தாலே போதும். அது போடிநாயக்கனூர் எனக் கொள்ளப்படும். விசைப்பலகையில் தட்டும் உழைப்பைக் குறைக்க இது உதவியிருக்கலாம். நெடுநாள் வாழ வேண்டிய நிரலுக்கு இது ஏற்றதன்று. நாளை மலைப்பாதையிலுள்ள போடிமெட்டின் மழைத் தரவையும் சேர்க்க வேண்டி, பட்டியலில் "போடிமெட்டு" இடம்பெற்றால், "போடி" இரண்டுக்கும் பொதுவாகிவிடும். நேற்று வரை ஓடிய நிரல்கள் யாவும் நிற்கும். போடி என்னும் பெயரிலேயே வேறொரு மதிப்பு சேர்க்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். முழுப் பொருத்தத்திற்கே முதலிடம் என்பதால், பழைய அழைப்புகள் நிற்காமல் பொருள் மாறி ஓடும்.

தமிழில் இச்சிக்கலுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்து, அகரமேறிய மெய்யும் அதன்பின் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. 'று' என்பது 'ற'வும் உகரக் குறியும் சேர்ந்தது. எனவே "சிற" என்பது "சிறப்பு" என்பதன் தொடக்கமாவதோடு, "சிறு" என்பதன் தொடக்கமாகவும் கணினிக்குத் தோன்றும். தமிழறிந்த எவரும் "சிற" என்பதைச் "சிறு" என்பதன் முன்பகுதி எனக் கொள்ளார். 'று' அவருக்குப் பிளக்கவொண்ணாத ஓரெழுத்து. தமிழ் மதிப்புகளுக்குப் பகுதிப் பொருத்தம் மொழியின் எழுத்திலக்கணத்தோடே முரண்படுகிறது. மேட்ச்.ஆர்க்கில் இதை நிறுத்தும் வழி இல்லை. ஆர்லாங் தொகுப்பிலுள்ள ஆர்க்_மேட்ச், செக்மேட் தொகுப்பிலுள்ள அசர்ட்_சாய்ஸ் ஆகியவை முழுச்சொல்லையே கேட்பவை.

ஒரே தோற்றம், இரு குறியெண் வரிசைகள்

தமிழ்த் தரவுகளோடு பழகுவோரைத் திகைக்கச் செய்யும் பிழையறிவிப்பு ஒன்று உண்டு. "போடி" என்று தந்தவருக்கு, 'தரப்படும் மதிப்பு போடி, புற்றடி ஆகியவற்றுள் ஒன்றாக இருத்தல் வேண்டும்' என்று நிரல் விடை கூறுகிறது. தந்ததும் போடி, கேட்பதும் போடி. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது.

ஆர் மொழியில் ஒரு சரத்தின் குறியெண்களைப் பதின்ம எண்களாகக் காட்டும் செயற்கூறு உண்டு. அதனிடம் இரண்டையும் தந்தால் காரணம் விளங்கும். ஒன்று 2986, 3019, 2975, 3007 என நான்கு எண்களைத் தரும். மற்றது 2986, 3015, 3006, 2975, 3007 என ஐந்து எண்களைத் தரும். முன்னதில் ஓகாரக் குறி ஒரே குறியெண்; பின்னதில் அது இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரிந்து நிற்கிறது. இரண்டும் நிகரானவை என்றே ஒருங்குறித் தரம் கூறுகிறது. எழுத்துருக்களும் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. ஆனால் ஆர் மொழி சரங்களை ஒப்பிடும்போது குறியெண் வரிசையை மட்டுமே பார்க்கிறது, நிகர்மையைப் பார்ப்பதில்லை. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்நிலை உண்டு. பொட்டிபுரத்தின் 'பொ' 2986, 3018 என்றும் வரலாம்; 2986, 3014, 3006 என்றும் வரலாம்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? இன்றைய தமிழ் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்ந்த வடிவையே தருகின்றன. கொம்பையும் காலையும் தனித்தனியே சேமித்த பழைய எழுத்துருக் குறியாக்கங்களிலிருந்து மாற்றப்பட்ட உரைகளில், மாற்றி அவற்றை இணைக்காது விட்டிருந்தால் பிரிந்த வடிவம் எஞ்சும். எதிர்பாராத மற்றொரு வாயிலும் உண்டு. ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் பயன்பட்ட எச்எஃப்எஸ் பிளஸ் என்னும் கோப்பு முறை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. ஒவ்வோர் ஊரின் தரவையும் ஊர்ப்பெயரிட்ட கோப்பில் வைத்து, கோப்புப் பெயரிலிருந்து ஊர்ப்பெயரை நிரல் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலானது. அவ்வாறு எடுத்த "போடி", விசைப்பலகையில் தட்டிய "போடி"யோடு பொருந்தாது. "தேனி", "கம்பம்" முதலியவை பொருந்தும். ஏனெனில் அவற்றில் இருபாகக் குறி இல்லை. சில ஊர்களுக்கு ஓடி, சில ஊர்களுக்கு நிற்கும் நிரலின் குறையைக் கண்டறிய ஒரு நாள் முழுதும் போதாமற் போகலாம்.

இதற்குத் தீர்வு இயல்பாக்கம். ஸ்ட்ரிங்கி தொகுப்பில் சேர்ந்த வடிவுக்கு இயல்பாக்கும் செயற்கூறு உள்ளது. தரப்பட்ட மதிப்பையும், அனுமதிக்கப்பட்ட பட்டியலையும் அதன் வழியே செலுத்திய பின் ஒப்பிட வேண்டும். பட்டியலை மறந்துவிடுவோர் பலர். நிரலை எழுதியவரின் கோப்பிலும் பிரிந்த வடிவம் இருக்கக்கூடும் அன்றோ.

ஓசையின்றி மறையும் வரிகள்

மேற்கண்ட பிழையறிவிப்பு எரிச்சலூட்டினும் நன்மை செய்வது, நிரல் நின்றுவிட்டது. தரவு நிரலிலுள்ள மதிப்புகளை வகைப்படுத்தும் ஃபேக்டர் என்னும் அமைப்பு இவ்வளவு கண்டிப்பானதன்று. ஏற்கத்தக்க நிலைகளைத் தந்து ஒரு வெக்டரை ஃபேக்டராக மாற்றும்போது, பட்டியலில் அடங்காத மதிப்புகளை அது பிழை என்று கூறுவதில்லை. விடுபட்ட மதிப்பாக மாற்றிவிடுகிறது. எச்சரிக்கையும் இல்லை. அதன்பின் எண்ணிக்கை அட்டவணை எடுத்தால், விடுபட்ட மதிப்புகள் இயல்பாகவே கணக்கில் சேர்வதில்லை. தொகுதிவாரியாகச் சராசரி கண்டாலும் அவ்வாறே.

பொட்டிபுரத்துக் குடும்பங்களிடம் இருவர் தனித்தனியே தரவு திரட்டி, ஒருவர் சேர்ந்த 'பொ'வும் மற்றவர் பிரிந்த 'பொ'வும் பதிந்திருந்தால், ஒருவர் திரட்டியவை அனைத்தும் அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். அட்டவணையில் பொட்டிபுரம் என்னும் வரி இருக்கும். அதனருகே ஓர் எண்ணும் இருக்கும். குறைந்திருப்பது கண்ணில் படாது. செயலுருபு மதிப்புக்குச் செய்யும் சோதனையைத் தரவின் ஒவ்வொரு வகைமைப் பத்திக்கும் செய்தாலன்றி இவ்விழப்பைத் தடுக்க முடியாது. மாற்றத்திற்கு முன்னும் பின்னும் விடுபட்ட மதிப்புகளை எண்ணி ஒப்பிடும் ஒரு வரி நிரலே போதும்.

இயல்பாக்கத்தின் எல்லை

நிகரானவை என ஒருங்குறித் தரம் ஏற்றவற்றை மட்டுமே இயல்பாக்கம் ஒன்றாக்கும். தோற்றத்தால் மட்டும் ஒத்தவற்றை அது தொடாது. நியூட்ரினோ வகைகளுள் ஒன்றான "டௌ" என்பதை எடுத்துக்கொள்ளலாம். ஔகாரக் குறியோடு எழுதினால் 2975, 3020. கொம்பையும் ளகரத்தையும் தட்டி "டெள" என்று எழுதினால் 2975, 3014, 2995. பல எழுத்துருக்களில் இரண்டும் வேறுபாடின்றித் தோன்றும். இயல்பாக்கத்திற்குப் பின்னும் இரண்டும் வேறே. 'ஸ்ரீ' என்பதற்கும் இரு குறியெண் வரிசைகள் உண்டு; ஒன்று 3000இல் தொடங்கும், மற்றது 2998இல். தமிழ் எண் ஒன்றும் ககர எழுத்தும் தோற்றத்தில் நெருங்கியவை. இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த சொற்களின் இறுதியில் கண்ணுக்குப் புலப்படாத இடைவெளிக் குறிகள் ஒட்டிவருவதும் உண்டு. ஆர் மொழியில் ஓரங்களைச் சீர்செய்யும் செயற்கூறு, தானமைவில் வெற்றிடம், தாவல், வரிமுறிவு ஆகியவற்றை மட்டுமே நீக்கும். உடையா இடைவெளி தப்பிவிடும்.

எழுத்து வழக்கின் வேறுபாடு இன்னொரு வகை. புற்றடியைப் புத்தடி என்றும், போடிநாயக்கனூரைப் போடி என்றும் எழுதுவர். இவற்றைப் பகுதிப் பொருத்தத்திடம் விடாமல், மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்றை வெளிப்படையாக எழுதிவைப்பது நன்று. அட்டவணையில் உள்ளதை மாற்று, இல்லாததை மறு. ஊகிக்காதே.

மதிப்புச் சரிபார்ப்பால் எக்காலத்தும் பிடிக்கவியலாத பிழையும் உண்டு. தமிழில் ஏலம் என்பது விளைபொருளையும் குறிக்கும், விற்பனை முறையையும் குறிக்கும். 'பொருள்' என்னும் செயலுருபிலும் 'விற்பனை' என்னும் செயலுருபிலும் "ஏலம்" அனுமதிக்கப்பட்டிருந்தால், இடம் மாறி வந்த சொல்லும் சோதனையைக் கடந்துவிடும். சோதனை சொல்லை அறியும், பொருளை அறியாது. போடியின் தரவுக்கு ஏலக்காய், பொது ஏலம் எனப் பிரித்தெழுதுவதே வழி.

தொகுப்பாக வெளியிடுவோர்க்கு

விண்டோஸ் கணினிகளில் 4.2.0 பதிப்புக்கு முன் ஆர் மொழி அக்கணினியின் உள்ளூர்க் குறிமுறையைச் சார்ந்திருந்தது. தமிழுக்கென அங்குத் தனிக் குறிப்பக்கம் இல்லாமையால், தமிழ் எழுத்துகள் கோண அடைப்புக்குள் குறியெண்களாக அச்சாவது வழக்கம். அப்பதிப்பு முதல், அண்மைய விண்டோஸ்களில் யுடிஎஃப்-8 இயல்பான குறிமுறையாயிற்று. தமிழ் மதிப்புகளைக் கொண்ட செயற்கூறுகள் அதன்பின்னரே எல்லாக் கணினிகளிலும் நடைமுறைக்கு உகந்தனவாயின.

ஆயினும் பொதுத் தொகுப்பாக வெளியிடும்போது, நிரற்கோப்பில் ஆஸ்கி அல்லாத எழுத்துகள் இருப்பின் ஆர் மொழியின் தொகுப்புச் சோதனை எச்சரிக்கிறது. தமிழ்ச் சரங்களைக் குறியெண் வடிவில் எழுதுமாறு அது கேட்கிறது. "போடி" என்னும் இரண்டு எழுத்துச் சரத்துக்கு நான்கு பதினறும எண்கள் எழுதுவது தொல்லையே, படிப்பவருக்கும் இனிதன்று. அருகில் குறிப்புரை ஒன்று இட்டால் ஓரளவு விளங்கும். எனினும் அனுமதிக்கப்பட்ட மதிப்புகளைப் பொறுத்தவரை இத்தொல்லைக்கு ஒரு பயன் உண்டு: எழுதுபவர் எந்த ஓகாரத்தைக் கருதினார் என்பது ஐயத்திற்கிடமின்றிக் கோப்பிலேயே பதிவாகிவிடுகிறது. பிழையறிவிப்பிலும் அவ்வாறே, ஏற்கத்தக்க சொற்களோடு, தரப்பட்ட சொல்லின் குறியெண்களையும் சேர்த்து அச்சிட்டால், "போடி" என்று தந்து "போடி" என்று கேட்கப்பட்டவர் 3015, 3006 என்னும் இரண்டு எண்களைக் கண்டவுடன் காரணத்தை உணர்ந்துகொள்வார்.